வெள்ளைச் சுவருக்கு அப்பால் ஓடும் பாட்டு: ரினேக டைக்ஸ்ட்ரா இளையோரைப் படமெடுத்த விதம், ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு பெண் நிற்கிறாள். பதின்வயதுதான். இரவு வெளியே போவதற்கென்று பார்த்துப் பார்த்து உடுத்திய உடை, வாயில் சூயிங்கம். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ பாட்டு அதிர்ந்துகொண்டிருக்கிறது. கேமராவைப் பார்க்கிறாள், பார்வையைத் திருப்பிக்கொள்கிறாள், மறுபடி பார்க்கிறாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. காட்சி வெட்டப்படவில்லை, கேமரா நகரவில்லை. அப்படியே நேரம் போகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு தோள் மட்டும் லேசாக ஆடத் தொடங்குகிறது. பிறகு இடுப்பு. அவள் ஆட முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. பாட்டு அவளுக்குள் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த நிழற்படக் கலைஞர் ரினேக டைக்ஸ்ட்ரா 1996, 1997 ஆண்டுகளில் எடுத்த வீடியோ படைப்பில் திரும்பத் திரும்ப நிகழ்வது இதுதான். இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த 'பஸ்ஸ் கிளப்', நெதர்லாந்தின் ஸாண்டாமில் இருந்த 'மிஸ்டரி வேர்ல்ட்' என்ற இரண்டு நடன விடுதிகளுக்கு வந்த இளையோரை ஒவ்வொருவராக, சில சமயம் இருவராக, வெள்ளைப் பின்னணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். 26 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. இரண்டு திரைகள் அருகருகே இருக்கும்.

இளையோர் வாழ்க்கையைப் பதிவு செய்யும் எவரும் பொதுவாகச் செய்வதற்கு இது நேர் எதிர். கூட்டத்துக்குள் புகுந்து, வண்ண விளக்கு, வியர்வை, தூக்கிய கைகள், தரையில் சிந்திய பீர் என்று எடுத்துத் தள்ளுவதுதான் வழக்கம். டைக்ஸ்ட்ரா அந்தக் கூட்டத்தையே நீக்கிவிட்டார். கூட்டத்தை நீக்கிவிட்டால் இளையோர் கலாச்சாரத்தில் மிச்சம் என்ன இருக்கும்? இந்த ஆய்வுக்கு அதுதான் கேள்வி. என் பதிலை முன்பே சொல்லிவிடுகிறேன்: மிச்சம் இருப்பதுதான் அசல். அந்த மிச்சத்தைக் கண்ணால் பார்க்க ஒரு குறிப்பிட்ட வகை மெதுவான வேலை தேவைப்பட்டது. அந்த வேலை எப்படி உருவானது என்று பார்ப்போம்.

விபத்தும் நீச்சல் குளமும்

டைக்ஸ்ட்ரா 1959இல் சிட்டார்டில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமின் ஹெரிட் ரீட்வெல்ட் கலைக் கல்லூரியில் 1981 முதல் 1986 வரை படித்தார். அதன் பிறகு பத்திரிகைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உருவப்படம் எடுத்துப் பிழைத்தார். கேமராவுக்கு முன்னால் உட்கார வந்தவர்களில் பலர் தங்கள் முகத்தைத் தாங்களே நன்றாக நிர்வகிக்கத் தெரிந்தவர்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு சிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த முகத்தைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை என்பது அவருக்குப் பெரிய மனக்குறை.

அப்போது ஒரு சைக்கிள் விபத்து. இடுப்பு எலும்பு முறிந்தது. தேறிவரும் காலத்தில் உடற்பயிற்சிக்காக நீந்த வேண்டியிருந்தது. ஒருநாள் 30 சுற்று நீந்திவிட்டுக் கரையேறியதும் தன்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஆம்ஸ்டர்டாமின் மார்னிக்ஸ்பாட் நீச்சல் குளம், 1991 ஜூன் 19. ஓடு பதித்த சுவருக்கு முன்னால், நீச்சலுடையும் தலையுறையுமாக, களைத்துப் போய் நிற்கிறார். அழகாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கக்கூட உடம்பில் தெம்பு இல்லாத நிலை. பாவனை செய்வதற்கும் சக்தி வேண்டும், அந்தச் சக்தி தீர்ந்த பிறகு முகத்தில் வருவது வேறு என்பதை அவர் தன் உடம்பிலேயே கண்டுகொண்டார். அடுத்தவரைச் சோதிக்கும் முன் தன்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பதால்தான் இந்தப் படத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை.

இதன் பிறகு 1994 வரையிலான வேலைகளில் இந்தக் கண்டுபிடிப்பின் தடத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். குழந்தை பெற்ற ஒரு மணி நேரத்தில், ஒரு நாளில், ஒரு வாரத்தில் பச்சைக் குழந்தையை அணைத்தபடி நிற்கும் தாய்மார்களை எடுத்தார். போர்ச்சுகலில் காளையை வெறுங்கையால் அடக்கிவிட்டு வெளியே வரும் இளைஞர்களை, முகத்திலும் சட்டையிலும் ரத்தம் காயாமல் இருக்கும்போதே எடுத்தார். இரண்டிலும் உடம்பு பெரிய ஒன்றைக் கடந்து வந்திருக்கிறது. முகத்தைச் சரிசெய்துகொள்ள இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

சரி, இளையோருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பதின்வயது என்பதே ஒன்றைக் கடந்துகொண்டிருக்கும் நிலைதான். நீந்திக் களைக்க வேண்டாம், மாடு பிடிக்க வேண்டாம். சும்மா நிற்கச் சொன்னாலே போதும், உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். இதை அவர் கடற்கரையில் கண்டார்.

கேமராவே வேகத்தை நிர்ணயித்தது

ஒரு டச்சு நாளிதழ் கோடைக்காலம் என்ற கருப்பொருளில் படம் கேட்டதிலிருந்து கடற்கரை வேலை தொடங்கியது. முக்கியமான படங்கள் 1992 முதல் 1996 வரை எடுத்தவை. அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் தீவு, கோனி ஐலண்ட், போலந்தின் கொவோப்ஷெக், உக்ரைனின் ஒடேசா, பெல்ஜியம், குரோஷியா என்று பல கரைகள். எல்லாப் படத்துக்கும் ஒரே அமைப்பு: நீச்சலுடையில் ஒரு சிறுவனோ சிறுமியோ, சில படங்களில் இரண்டு மூன்று பேர், பின்னால் கடல், மேலே வானம். தலைப்பில் பெயர் கிடையாது. ஊரும் தேதியும் மட்டும்தான்.

அவர் பயன்படுத்திய கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வேலையை அதுதான் செய்கிறது. நாலுக்கு ஐந்து அங்குலத் தனித் தாளாக ஃபிலிம் போடும் பெரிய கேமரா அது. முக்காலி இல்லாமல் நடக்காது. பின்பக்கக் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும். கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஃபோகஸ் செய்ய வேண்டும். ஃபோகஸ் செய்த பிறகு ஃபிலிம் அட்டையைச் செருகியதும் அந்தக் கண்ணாடி மறைந்துவிடும். அதாவது, படம் எடுக்கும் நொடியில் எடுப்பவருக்குக் கேமரா வழியே எதுவும் தெரியாது. துணிக்கு வெளியே வந்து, எதிரில் நிற்பவரை வெறுங்கண்ணால் பார்த்தபடிதான் பொத்தானை அழுத்த முடியும். ஒரு தாளுக்கு ஒரு படம், அடுத்த படத்துக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

எதிரில் நிற்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியின் இடத்திலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். முதல் அரை நிமிடம் அவளுக்குத் தெரிந்த ஒரு போஸ் கைவசம் இருக்கும். பத்திரிகையில் பார்த்தது, அக்காவிடம் பார்த்தது. ஆனால் அந்தப் பெண்மணி இன்னும் துணிக்குள்தான் இருக்கிறார். அசையக் கூடாது, ஃபோகஸ் போய்விடும். சிரித்துக்கொண்டே எவ்வளவு நேரம் நிற்பது? உதடு வலிக்கும். சிரிப்பு இறங்கும். கை எங்கே வைப்பது என்ற குழப்பம் வரும். ஒரு காலில் எடையைப் போட்டு நிற்பாள், பிறகு மறு காலுக்கு மாற்றுவாள். அந்த மாறும் இடத்தில் டைக்ஸ்ட்ரா துணியிலிருந்து வெளியே வந்து அவளை நேராகப் பார்க்கிறார்.

1992 ஜூலை 26 அன்று கொவோப்ஷெக்கில் எடுத்த படம் இவற்றிலேயே அதிகம் பேசப்பட்டது. மெலிந்த ஒரு சிறுமி, பச்சை நீச்சலுடை, அதில் ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு காலில் சாய்ந்து, தலையை லேசாகச் சரித்து நிற்கிறாள். பார்த்தவர்கள் பலருக்கும் இத்தாலிய ஓவியர் போட்டிச்செல்லி வரைந்த காதல் தெய்வம் வீனஸ் நினைவுக்கு வந்தது. ஓவியர்கள் பயிற்சி பெற்று வரைந்த அந்த ஒடிந்த நிலை, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஒரு குழந்தையின் உடம்பில் தானாக அமைந்திருக்கிறது. கேமரா தாழ்வாக இருப்பதால் தொடுவானம் கீழே இறங்கி, அவள் உடம்பின் பெரும்பகுதி வானத்தின் மேல் எழுகிறது. பகல் வெளிச்சத்திலும் ஃப்ளாஷ் போட்டிருப்பதால் வானம் சற்று இருண்டு, அவள் மட்டும் முன்னால் வருகிறாள். தன்னை ஒரு பொருட்டாகவே நினைக்காத வயதில் இருப்பவளுக்கு ஒரு சிலைக்குரிய இடம் கிடைத்திருக்கிறது.

நிழற்படம் போதாத இடம்

1995இல் லிவர்பூலின் அந்த நடன விடுதியில் டைக்ஸ்ட்ரா நிழற்படங்கள் எடுத்தார். விருந்துக்கு உடுத்திய பெண்கள், வெறும் சுவர், ஃப்ளாஷ் வெளிச்சம். நல்ல படங்கள். ஆனால் கடற்கரையில் கைகொடுத்த அதே வழி இங்கே ஓரிடத்தில் தடுக்கியது. கடற்கரையில் குழந்தைகள் நின்றார்கள், நிற்பதைப் படம் பிடித்தால் போதும். கிளப்புக்கு வருபவர்கள் ஆடுவதற்காக வருகிறார்கள். அவர்களை அசையாமல் நிறுத்தினால், எதற்காக வந்தார்களோ அதுவே படத்திலிருந்து வெளியே போய்விடும். உடை இருக்கும், ஒப்பனை இருக்கும், ஆட்டம் இருக்காது.

அதனால்தான் வீடியோ. அதே வெள்ளைப் பின்னணி, அதே நேர்ப்பார்வை, அதே காத்திருப்பு. இந்த முறை நேரமும் ஓடியது, சத்தமும் சேர்ந்தது.

சத்தம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெள்ளைப் பின்னணி டைக்ஸ்ட்ராவின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 1979 முதல் 1984 வரை சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் ரிச்சர்ட் அவெடன் வெள்ளைத் தாளுக்கு முன்னால்தான் நிறுத்தினார். அந்தப் படங்களில் மனிதர்கள் தங்கள் ஊரிலிருந்து முழுவதுமாகக் கத்தரிக்கப்பட்டு நிற்கிறார்கள். டைக்ஸ்ட்ராவின் வீடியோவில் அப்படி இல்லை. இடத்தைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டார், காதில் விட்டுவைத்தார். கிளப் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பாட்டு மாறினால் நிற்பவரின் முகம் மாறுகிறது. பிடித்த பாட்டு வந்ததும் ஒரு பையனின் தலை தானாக ஆடுகிறது, நம்மை மறந்துவிடுகிறான். அடுத்த நொடி கேமரா ஞாபகம் வந்து பீரை ஒரு வாய் குடிக்கிறான். கேமராவுக்கும் பாட்டுக்கும் நடுவில் அந்த உடம்பு இழுபடுவதை நாம் உட்கார்ந்து பார்க்கிறோம்.

இரண்டு ஊர்களை ஒன்றாக வைத்ததில் இன்னொரு லாபம் கிடைத்தது. லிவர்பூல் பெண்கள் பளபளக்கும் குட்டை உடையில், மெல்ல அசைந்து, பார்ப்பவர் பார்க்கட்டும் என்ற தோரணையில் நிற்கிறார்கள். ஸாண்டாமில் கதை வேறு. அங்கே 'கேபர்' என்ற இசை. 1990களின் தொடக்கத்தில் ரோட்டர்டாமில் கிளம்பிய முரட்டு மின்னணு இசை அது, நிமிடத்துக்கு 150 தட்டுக்கும் மேல் அடிக்கும். அதன் ரசிகர்கள் தலையை மழித்துக்கொண்டு, விளையாட்டு வீரர் போல ட்ராக்சூட் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆட்டத்துக்கு 'ஹாக்கன்' என்று பெயர், வெட்டுவது என்று பொருள். கால்கள் தரையைக் கொத்துவது போல அதிவேகமாக இயங்கும். மழித்த தலையோடு ஒரு பையன் வெள்ளைச் சுவர் முன்னால் தனியாக அதை ஆடுகிறான். ஆயிரம் பேர் நடுவில் ஆடும்போது அது ஒரு படையின் அணிவகுப்பாகத் தெரியும், பார்ப்பவருக்குப் பயம்கூட வரும். தனியாக ஆடும்போது வேறொன்று தெரிகிறது: எவ்வளவு கவனமாகக் கற்றுக்கொண்டிருக்கிறான்! ஒரு காலடி தவறாமல், ஒரு தட்டு பிசகாமல் ஆடுகிறான். கண்ணாடி முன்னால் நின்று பழகியிருப்பான், நண்பனிடம் கேட்டுத் திருத்தியிருப்பான் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கூட்டத்துக்குள் போய்ச் சேர அவன் எவ்வளவு உழைத்திருக்கிறான் என்பது கூட்டத்தை எடுத்த படத்தில் ஒருபோதும் வராது.

நான் முன்பு சொன்ன மிச்சம் இதுதான். விளக்கையும் நெரிசலையும் நீக்கிவிட்டால் ஒரு கலாச்சாரம் தனி உடம்பில் தங்கியிருக்கும் அளவு தெரிகிறது. சூயிங்கம் மெல்லும் வேகத்தில், சிகரெட்டைப் பிடிக்கும் விரலில், உடையின் ஓரத்தைக் கீழே இழுத்துவிடும் கையில் அது இருக்கிறது. அந்த உடையைப் போடும் துணிச்சலும் அதே உடையால் வரும் கூச்சமும் ஒரே கையசைவில் தெரிந்துவிடுகின்றன.

இதை ஆவணம் என்று சொல்லலாமா

சொல்லக் கூடாது என்று ஒரு வாதம் உண்டு. இயல்பான இடத்திலிருந்து ஆளைப் பிரித்து, சுவர் முன்னால் நிறுத்தி, போய் ஆடு என்றால் அது ஏற்பாடு செய்த காட்சி, ஆவணம் ஆகாது என்பார்கள். வெள்ளைச் சுவர், பூச்சிகளைக் குத்தி வைக்கும் காட்சிப் பலகையை, அடையாள அட்டைப் படத்தை நினைவுபடுத்துகிறது, இளையோரைப் பூச்சிகள் போல வரிசைப்படுத்துகிறது என்றும் சொல்லலாம்.

முதல் பகுதியை நான் ஏற்கவில்லை. கூட்டத்துக்குள் மறைந்து நின்று எடுத்தாலும் எடுப்பவர் தேர்ந்தெடுத்த நொடிதான் கிடைக்கிறது. ஆடுபவருக்குத் தான் எடுக்கப்படுவதே தெரியாமலும் போகலாம். இங்கே ஏற்பாடு முழுக்க வெளிச்சத்தில் இருக்கிறது. நிற்பவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். அந்த ஏற்பாட்டுக்குள் நிகழ்வதை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. இரண்டாவது பகுதி, நிழற்படத்துக்கு ஓரளவு பொருந்தும், ஓடும் வீடியோவுக்குப் பொருந்தாது. பலகையில் குத்திய பூச்சி முகத்தைத் திருப்பிக்கொள்ளாது, போதும் என்று தோன்றும்போது ஆட்டத்தை நிறுத்தாது.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. கடற்கரையில் நின்ற குழந்தைகள் சரி என்று சொன்னது அந்த மதியத்துக்கு. நீச்சலுடையில் நிற்கும் ஒரு வளரிளம் உடம்பு, பல பத்தாண்டுகளுக்கு, ஆளுயரத்தில் அருங்காட்சியகச் சுவரில் தொங்கப் போகிறது என்பதைப் பதின்மூன்று வயதில் யாராலும் கணக்குப் போட்டுப் பார்க்க முடியாது. டைக்ஸ்ட்ரா பெயரை விலக்கி ஊரையும் தேதியையும் மட்டும் வைத்தது ஓரளவு காப்பு. அவர் நேருக்கு நேர் நின்று, மரியாதையான தொலைவிலிருந்து எடுத்தது இன்னொரு காப்பு. இருந்தாலும் இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இளையோரைப் படமெடுக்கும் எவரும் இதைத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டுதான் தொடர வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே ஊர்

2009இல் லிவர்பூலுக்குத் திரும்பி, 'கிரேஸிஹவுஸ்' என்ற கிளப்பில் இன்னொரு வீடியோ எடுத்தார். இம்முறை கிளப்புக்குள்ளேயே வெள்ளை அரங்கம் அமைத்து, ஐந்து பேரை மட்டும் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பாட்டைத் தானே தேர்ந்தெடுத்து ஆடினார்கள். காட்சிக் கூடத்தில் நான்கு சுவர்களில் நான்கு திரைகள், பார்ப்பவர் நடுவில் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும்.

முந்தைய படைப்பில் பாட்டு கதவுக்கு அப்பாலிருந்து வந்தது, யாருக்கென்றும் இல்லாமல். இதில் பாட்டு ஆடுபவருடையது. அதனால் வெட்கத்திலிருந்து தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் அவர்கள் முழுவதுமாக உள்ளே போய்விடுகிறார்கள். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, பாட்டின் வரிகளை உதட்டில் சொல்லிக்கொண்டு ஆடுகிறார்கள். மார்னிக்ஸ்பாட் குளத்தின் களைப்பு இங்கே திரும்பி வருகிறது. ஆனால் இந்தக் களைப்பில் மகிழ்ச்சி இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

என் கணிப்பில், வேலை நேர்த்தியில் இரண்டாவதுதான் சிறந்தது. வெளிச்சம், ஒலி, வெட்டு எல்லாம் கச்சிதம். இருந்தும் முதலாவதைத்தான் நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ற தெளிவு 2009இல் ஆடுபவர்களுக்கு இருக்கிறது. 1996இல் அது இல்லை. தன்னை எதற்கு அழைத்தார்கள் என்றே அவர்களுக்குப் புரியவில்லை, அந்தப் புரியாமையில் ஒரு விலை மதிப்பற்ற இடைவெளி கிடைத்தது.

அதே ஆண்டில் அதே ஊரின் டேட் அருங்காட்சியகத்தில் எடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடையில் ஒன்பது பிள்ளைகள் பிக்காசோவின் 'அழும் பெண்' ஓவியத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஓவியம் நமக்குக் கடைசி வரை காட்டப்படுவதில்லை. ஏன் அழுகிறாள் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு மேலே போகிறார். முதலில் தயங்கி, பிறகு போட்டி போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். கிளப்பில் தோள் அசையத் தொடங்கியதே, அதே நொடிதான் இங்கே பேச்சில் நிகழ்கிறது.

திரும்பிப் போய் எடுப்பது

காத்திருப்பதை டைக்ஸ்ட்ரா நிமிடக் கணக்கிலிருந்து ஆண்டுக் கணக்குக்கும் நீட்டினார். 1994 மார்ச் 14 அன்று நெதர்லாந்தின் லைடன் நகர அகதிகள் மையத்தில், போஸ்னியாவிலிருந்து வந்த ஆறு வயதுச் சிறுமியை எடுத்தார். நல்ல உடை உடுத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கால் தரைக்கு எட்டவில்லை. பிறகு 2008 வரை அவளைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டே இருந்தார். மொத்தம் 11 படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி. நடுவில் எங்கோ கால் தரையைத் தொடுகிறது. உடையும் ஒப்பனையும் உட்காரும் விதமும் மெல்ல மெல்ல ஒரு டச்சுப் பெண்ணுடையதாக மாறுகின்றன. கடைசிப் படத்தில் அவள் மடியில் அவளுடைய குழந்தை.

பிரெஞ்சு அந்நியப் படையில் (வெளிநாட்டவரும் சேரக்கூடிய பிரெஞ்சு ராணுவப் பிரிவு) சேர்ந்த ஓர் இளைஞனை, சேர்ந்த நாளான 2000 ஜூலை 21 முதல் 2003 வரை ஏழு படங்களில் தொடர்ந்ததும் இதே வழிதான். முதல் படத்தில் பிள்ளை முகம். அடுத்ததில் தலை மழித்தாகிவிட்டது. போகப் போகக் கண் மட்டும் இறுகிக்கொண்டே வருகிறது.

டைக்ஸ்ட்ராவுக்கு 2012இல் சான் ஃப்ரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகமும் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகமும் பெரிய மீள்பார்வைக் காட்சி வைத்தன. 2017இல் நிழற்படக் கலைக்கான ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. கடற்கரைப் பிள்ளைகளைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். 1992இல் பதின்மூன்று வயதில் அங்கே நின்ற ஒருவருக்கு இன்று நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். அவர் பிள்ளைகளே அந்த வயதைக் கடந்திருக்கலாம். படத்தில் நீச்சலுடை இன்னும் காயவில்லை, கால் விரலில் மணல் ஒட்டியிருக்கிறது, துணிக்குள் இருக்கும் அந்தப் பெண்மணி எப்போது வெளியே வருவார் என்று அந்தச் சிறுமி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.